மண்மேட்டில் புது வீட்டைவிட ஊருக்குள் சின்னப் பழைய வீடு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இதழில் வரும் காணி, வீடு விளம்பரங்களை விடாமல் வாசிக்கிறவள் நான். நான் வாங்கப் போவதில்லை, எங்கள் பிள்ளைகளுக்கு என்ன விற்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் வாசிக்கிறேன். கண்டிக்குப் பக்கம், குளிர்ந்த காற்று, மலைக்காட்சி, 10 பேர்ச், தவணையில் கட்டலாம் என்ற தோரணையில், தேயிலையோ கராம்போ நின்ற சரிவைப் படி படியாக வெட்டித் துண்டு போட்டு விற்கிறார்கள். வெளிநாட்டில் உழைத்துத் திரும்பிய தம்பி, ஆசிரியர் நியமனம் கிடைத்த தங்கச்சி, கொழும்பில் கடையில் நின்று நாலு காசு சேர்த்த அண்ணன் எல்லாரும் அதைத்தான் தேடிப் போகிறார்கள். அவர்களிடம் ஒரே ஒரு விஷயம் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அதே காசுக்கு ஊருக்குள், நாலு பேர் பல காலமாகக் குடியிருக்கிற தெருவில், சின்னதாக ஒரு பழைய வீடு கிடைக்குமா என்று முதலில் பாருங்கள். கிடைத்தால், பத்திரமும் மண்ணும் சரியாக இருந்தால், அதை வாங்குங்கள்.

பழைய வீடு என்றதும் எங்கள் ஆட்கள் முகம் சுளிப்பது எனக்குத் தெரியும், காரணமும் தெரியும். நானும் அட்டன் பக்கத்து லயத்துக் காம்பராவில், தோட்டத் தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிய அறைகளில் ஒன்றில், வளர்ந்தவள். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைக்குள் சமையல், படிப்பு, பிரசவம், சாவு எல்லாம் பார்த்த சனத்துக்கு, சொந்த வீடு என்றால் அது புத்தம் புதுசாக, தன் கையால் அத்திவாரம் போட்டதாக இருக்க வேண்டும் என்ற ஆசை நியாயமானது. 1948இல் எங்கள் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்துவிட்டு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரைக்கும் அதை முழுதாகத் தீர்க்காமல் இழுத்த நாட்டில், தன் பெயரில் ஓர் உறுதி, அதாவது காணிப் பத்திரம், இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று வெளியில் இருக்கிறவர்களுக்கு விளங்காது. லயத்துக்கு ஏது உறுதி? அதை வைத்து எந்த வங்கியில் கடன் கேட்க முடியும்? 7 பேர்ச் காணி தருவோம் என்ற பேச்சைக் கேட்டே ஒரு தலைமுறை நரைத்துவிட்டது. அந்த ஏக்கத்தைத்தான் துண்டுக்காணி வியாபாரிகள் விற்றுக் காசாக்குகிறார்கள். அதுதான் எனக்குக் கோபம்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து போன பிறகாவது யோசிக்க வேண்டாமா? கண்டி, நுவரெலியா, பதுளை, மாத்தளை என்று மலை இடிந்து விழாத மாவட்டம் இல்லை. அதற்கு முன்னால் 2014 ஒக்டோபர் 29 கொஸ்லந்தை மீரியபெத்தையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அங்கே லயங்களே மண்ணுக்குள் போயின. சரிவை வெட்டினால் மேலே நிற்கிற மண்ணுக்குக் கீழே இருந்த பிடிமானம் போய்விடும், மழைத் தண்ணீர் வெட்டின முகத்தில் இறங்கும், மண் ஊறிக் கனக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் விளங்குகிற கணக்கு இது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்கவும், 100 தாண்டினால் தயாராகவும், 150 தாண்டினால் இடத்தை விட்டுக் கிளம்பவும் சொல்கிறது. அந்த எண்ணை வானொலியில் கேட்டுவிட்டு ராத்திரி முழுக்கக் கண் விழித்துக் கிடக்கிற புது வீட்டுக்காரர்கள் எத்தனை பேரை எனக்குத் தெரியும்! வெட்டிய மண்ணைத் தாங்கும் பக்கச்சுவர் ஒழுங்காகக் கட்டினால் வீட்டுச் செலவில் பாதி அதற்கே போய்விடும், அதனால் அதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு முதலில் முன்பக்கத்துக்கு டைல்ஸ் பதிக்கிறார்கள்.

பழைய தெருவில் அப்படி இல்லை. கண்டியில் கட்டுக்கலை, மஹய்யாவ, அஸ்கிரிய, அம்பிட்டிய, கட்டுகஸ்தோட்டை போன்ற இடங்களில் ஐம்பது அறுபது வருசம் நிற்கிற வீடுகள் எத்தனையோ மழையைப் பார்த்துவிட்டன. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், எந்த மதில் எப்போது சரிந்தது, எந்த வீட்டில் எப்போதும் ஈரம் என்று அந்தச் சந்தில் இருக்கிறவர்கள் ஒன்றுவிடாமல் சொல்வார்கள். நாங்கள் வீடு பார்க்கப் போனபோது தரகர் சொல்லாததைப் பக்கத்து வீட்டு ராத்தாதான் சொன்னார்: "தங்கச்சி, பின்னால குசினிச் சுவர ஐப்பசி மாசம் வந்து தொட்டுப் பாருங்க." மழைக்குள் திரும்பிப் போய்த் தொட்டுப் பார்த்தோம், சுவர் நனைந்திருந்தது, விலையைக் குறைத்துப் பேசினோம், வாங்கிய கையோடு பின்பக்கம் தண்ணீர் ஓடக் கான் வெட்டினோம். புதுத் துண்டுக்காணியில் இதைச் சொல்ல ஆள் ஏது? எல்லாரும் போன வருசம் வந்தவர்கள்.

வட்டபுலுவ வீட்டுத்திட்டத்தைக் கண்டிக்காரர்கள் தினமும் கடந்து போகிறோம், அதன் கதை பலருக்குத் தெரியாது. இலங்கையின் முதல் பெண் கட்டடக் கலைஞரான மினெட் டி சில்வா 1950களில் அரச ஊழியர்களுக்காக வடிவமைத்தது அது. குடிவரப் போகிற குடும்பங்களிடமே என்ன மாதிரி வீடு வேணும் என்று கேள்விப் பத்திரம் கொடுத்துக் கேட்டு, சரிவுக்கு ஏற்றபடி வீடுகளை அமைத்தார். மலையை வீட்டுக்காக வளைக்காமல் வீட்டை மலைக்கு ஏற்ப வைக்கத் தெரிந்த காலம் ஒன்று இருந்தது. பழைய வீடு வாங்கும்போது அந்தப் புத்தியையும் சேர்த்து வாங்குகிறோம் என்றுதான் எனக்குப் படுகிறது.

அதற்காகப் பழசு என்றால் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடச் சொல்லவில்லை. உங்கள் வீடு அசையாமல் நிற்கலாம், மேல்வளவில் ஒருவர் புதிதாக நாலு தட்டு எழுப்பினால்? 2020 செப்டெம்பரில் கண்டி பூவெலிகடயில் ஐந்து மாடிக் கட்டடம் சரிந்து பக்கத்து வீட்டின் மேல் விழுந்து, தாயும் தகப்பனும் கைக்குழந்தையும் இறந்து போனார்கள். ஆகவே வீட்டைப் பார்க்கும் முன் வீட்டுக்கு மேலே என்ன இருக்கிறது, கீழே யார் மண் வெட்டுகிறார்கள் என்று பாருங்கள். மதிலில் தண்ணீர் வடிய விட்ட துளைகள் அடைபட்டிருக்கின்றனவா, மதில் நடுவில் வயிறு தள்ளியிருக்கிறதா, மரங்களும் மின்கம்பங்களும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கின்றனவா, நிலத்தில் புது வெடிப்பு இருக்கிறதா, முன்பு இல்லாத இடத்தில் ஊற்று கசிகிறதா, கதவு யன்னல் திடீரென்று இறுகுகிறதா. இவற்றைத்தான் மண்சரிவுக்கு முன் அடையாளம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனமே சொல்லிக்கொண்டிருக்கிறது. மண்சரிவு அபாய வலய வரைபடமும் அவர்களிடம் இருக்கிறது. வாங்கப் போகும் இடம் அதில் எந்த வலயத்தில் வருகிறது என்று கேட்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள்.

வீட்டுக்குள் பார்க்க வேண்டியதை கட்டட வேலை தெரிந்த ஒரு நல்ல பாஸுண்ணையைக் கூட்டிக்கொண்டு போனால் அவரே சொல்லுவார். ஓட்டுக்குக் கீழே ஏறி, கூரை மரங்களான வளை, சிலாகையைச் சுத்தியலால் தட்டச் சொல்லுங்கள், கறையான் தின்ற மரம் சத்தத்திலேயே தெரியும். கூரை அஸ்பெஸ்டஸ் சீட்டா, கள்ளிக்கோட்டை ஓடா என்று பாருங்கள், பழைய சீட்டை உடைத்துக் கழற்றுவது நெஞ்சுக்குக் கேடு, அதற்கு முகமூடி போட்டு நனைத்துக் கழற்றத் தெரிந்த ஆள் வேணும். வயரிங் பழசென்றால் முழுசாக மாற்றுகிற காசை விலையில் சேர்த்துக் கணக்குப் பாருங்கள், மின்சாரம் கசிந்தால் தானே நிறுத்துகிற ட்ரிப் சுவிட்ச் இல்லாத வீட்டில் ஒரு நாள்கூடப் பிள்ளைகளோடு தங்க வேண்டாம். மலக்குழி எங்கே இருக்கிறது என்று விற்கிறவருக்கே தெரியாத வீடுகள் உண்டு! குழாய்த் தண்ணீர் எந்த நேரம் வரும், மேட்டுக்கு ஏறுமா என்பதையும் அயலவரிடம் கேட்டுவிடுங்கள். சிவப்புச் சீமெந்துத் தரையும் கனத்த சுவரும் பார்த்து நான் மயங்கியது உண்மை. மயங்குவதில் தப்பில்லை, அப்புறம் தட்டிப் பார்க்கவும் வேணும்.

இனி உறுதி. எங்கள் சனம் விழுந்து போகிற குழி இதுதான், அதனால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இலங்கையில் காணி கைமாறுவதென்றால் எழுத்தில், உறுதி எழுதும் நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சிகளோடு நடக்க வேண்டும், 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதைத்தான் சொல்கிறது. கடதாசித் துண்டில் எழுதி முத்திரை ஒட்டிக் கையெழுத்து வாங்கியதை வைத்துக்கொண்டு "நாங்கள் வாங்கிட்டோம்" என்று இருக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உறுதி எழுதினால் மட்டும் போதாது, உடனே காணிப் பதிவகத்தில் பதிய வேணும். ஒரே வீட்டை இரண்டு பேருக்கு விற்று, பிந்தி வாங்கினவர் நேர்மையாக வாங்கி முந்திப் பதிந்துவிட்டால் அவர் பக்கம் சட்டம் சாயும், 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணப் பதிவுச் சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது.

பழைய வீட்டுக்கு உறுதிகளின் தொடர்ச்சி முக்கியம். வழக்கமாக 30 வருசத்துக்குப் பின்னோக்கிப் பதிவேட்டைப் பார்ப்பார்கள், விற்கிறவரின் சட்டத்தரணியை நம்பாமல் உங்கள் சட்டத்தரணியை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கண்டியில் ஒரே சந்தில் மூன்று வீடு இருந்தால் மூன்றுக்கும் மூன்று வாரிசுச் சட்டம் இருக்கலாம். கண்டியச் சட்டத்துக்குட்பட்ட சிங்களக் குடும்பம் என்றால் கணவன் தேடிய சொத்தில் விதவைத் தாய்க்கு வாழ்நாள் உரிமை இருக்கும். முஸ்லிம் குடும்பம் என்றால் அவர்களின் பங்கு முறை வேறு. எங்களைப் போன்ற மலையகத் தமிழருக்குப் பொதுச் சட்டம், வாழ்க்கைத்துணைக்குப் பாதி, மிச்சம் பிள்ளைகளுக்கு. தாத்தா இறந்து உறுதி மாற்றாமலே மூன்று தலைமுறை குடியிருந்த வீடு என்றால், கனடாவில் இருக்கிற மகனும் பதுளையில் இருக்கிற பேத்தியும்கூடப் பங்காளிகள். மூத்தவர் ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட்டால் உங்களுக்குக் கிடைப்பது வீடில்லை, பிரிக்கப்படாத ஒரு பங்கு. அதற்கு வங்கி கடன் தருவதே கஷ்டம். பங்கீட்டு வழக்கு ஏற்கனவே போட்டு அது பதிவகத்தில் பதியப்பட்டிருந்தால், அதற்குப் பிறகு செய்யும் விற்பனையே செல்லாது என்று 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது.

கண்டி நகரில் விகாரை, தேவாலைக் காணிகளும் நிறைய உண்டு. அவற்றில் வீடு இருந்தால் குத்தகைதான், நிலத்தைச் சொந்தமாக வாங்கவே முடியாது. விற்கிறவர் அதை மறைத்துவிட்டு வீடு மட்டும் காட்டுவார். ஜயபூமி, ஸ்வர்ணபூமி என்று கையில் ஒரு பத்திரம் நீட்டினாலும் நின்று கேளுங்கள், அரச காணி அளிப்புகளைப் பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் விற்க முடியாது. இன்னொன்று வாடகைக்காரர். பழைய வீடுகளில் பல வருசம் குடியிருக்கிறவர்களை 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் இறுகப் பாதுகாக்கிறது, "நீங்க வாங்குங்க, நாங்க எழுப்பித் தாறோம்" என்ற வாக்கை நம்பிக் காசைக் கொடுத்துவிட்டு நீதிமன்றப் படி ஏறி இறங்குகிற குடும்பங்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். வீடு வெறுமையாகித் திறப்பு கைக்கு வந்த பிறகுதான் மிச்சக் காசு. 1973இல் வந்த வீட்டுடைமை உச்சவரம்புச் சட்டத்தில் அரசு எடுத்த வீடுகளும் பழைய நகரங்களில் இருக்கின்றன, அவற்றின் வரலாற்றை வீடமைப்பு ஆணையாளரிடம் விசாரித்தால்தான் தெரியும்.

நில அளவைப் பிளான் இல்லாமல் ஒன்றும் வேண்டாம். பழைய உறுதியில் "வடக்கே பலா மரம், கிழக்கே இன்னாரின் வேலி" என்றிருக்கும், பலா மரம் எப்போதோ விறகாகியிருக்கும். அனுமதி பெற்ற நில அளவையாளரைக் கூட்டிவந்து புதிதாக அளந்து, பக்கத்து வளவுக்காரர் முன்னாலேயே எல்லைக் கல்லைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு பேர்ச் என்பது 272 சதுர அடிக்குக் கொஞ்சம் கூட, நகரத்துக்குள் அதில் அரைப் பேர்ச் குறைந்தாலும் இலட்சக் கணக்கு. மாநகர சபையில் வீதிக்கோட்டுச் சான்றிதழ் எடுங்கள். வீதி அகலிக்கும்போது உங்கள் முன் விறாந்தை போகுமா என்று அதில்தான் தெரியும். பின்னால் ஓர் அறை கூட்டவோ தட்டு எழுப்பவோ எண்ணமிருந்தால் சபையில் அதையும் வாங்குவதற்கு முன்னமே கேட்டுவிடுங்கள்.

காசு விஷயத்தில் ஒன்று மட்டும். முத்திரை வரி முதல் 1 இலட்சத்துக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம். 1 கோடிக்கு வாங்கினால் 3 இலட்சத்து 99 ஆயிரம் அதற்கே போகும், அதோடு சட்டத்தரணியின் கட்டணம் வேறு. இதைத் தவிர்க்க உறுதியில் விலையைக் குறைத்து எழுதச் சொல்லித் தரகர்கள் காதில் ஓதுவார்கள். சம்மதிக்காதீர்கள். நாளைக்கு ஒரு வழக்கு வந்தால் நீங்கள் கொடுத்த மிச்சக் காசுக்கு எழுத்தே இருக்காது, வங்கியும் தன் மதிப்பீட்டாளர் சொன்ன பெறுமதியைத்தான் பார்க்கும்.

இவ்வளவையும் எங்கள் ஆட்கள் எந்த மொழியில் தெரிந்துகொள்வது? தமிழ் 1987ஆம் ஆண்டிலிருந்து அரச கரும மொழி. ஆனால் என் கையில் இருக்கிற உறுதி சிங்களத்தில் இருக்கிறது, அதற்கு முந்தியது கையெழுத்து ஆங்கிலத்தில். என் அம்மாவின் சேமிப்பும் போட்டுத்தான் அந்த வீட்டை வாங்கினோம், கையெழுத்துப் போடும் நாளில் அதை வாய்விட்டு வாசித்துக் காட்டச் சொல்லி நான் பிடிவாதமாக நின்றபோது அந்தக் கந்தோரில் இருந்தவர்கள் ஏதோ அநியாயம் கேட்டது போலப் பார்த்தார்கள். வாசித்து முடிக்கும் வரை நான் பேனையைத் தொடவில்லை. ஒவ்வொரு தமிழ்க் குடும்பமும் அப்படி நிற்க வேணும். தெரிந்த ஒரு தமிழ்ச் சட்டத்தரணியோ, இரண்டு மொழியும் தெரிந்த ஆசிரியரோ கூட இருந்தால் போதும், கூச்சப்பட ஒன்றுமில்லை.

இந்த விஷயத்தில் பத்திரிகை செய்யக் கூடியது நிறைய இருக்கிறது, ஐயா. காணி விளம்பரத்துக்குப் பக்கத்திலேயே வாரம் ஒரு பத்தி, ஒரு தமிழ்ச் சட்டத்தரணியையும் ஒரு நில அளவையாளரையும் கொண்டு எழுதுவியுங்கள். துண்டுக்காணி விளம்பரம் கொண்டு வருகிறவர்களிடம் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை இருக்கிறதா என்று விளம்பரப் பகுதி கேட்டாலே பாதிப் பேர் திரும்பிப் போவார்கள். வருமானம் கொஞ்சம் குறையும், தெரியும். மாநகர சபைக்கும் பிரதேச சபைகளுக்கும் என் கோரிக்கை, உங்கள் எல்லைக்குள் வரும் அபாய வலய வரைபடத்தைத் தமிழில் பெயர் போட்டு, வரி கட்டுகிற இடத்துச் சுவரில் பெரிதாக ஒட்டுங்கள். வரி கட்ட வரிசையில் நிற்கிற நேரத்தில் எல்லாரும் பார்ப்பார்கள்.

நான் சொன்னது கண்டியை வைத்துத்தான். அட்டன், நுவரெலியா, பண்டாரவளை நகரங்களில் பழைய வீடு வாங்கியவர்களுக்கு வேறு அனுபவம் இருக்கும். தோட்டக் காணியோடு ஒட்டிய நகர எல்லை வீடுகளின் உறுதியில் என்ன சிக்கல் வந்தது, எப்படித் தீர்த்தார்கள் என்று அவர்களும் இந்தப் பகுதிக்கு எழுத வேண்டும்.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியை,
கட்டுகஸ்தோட்டை